மருமகளுக்கு, சைக்கிள் விஷயமாக

மண்டைக்காடு
ஐப்பசி 3

அன்புள்ள மக்களே,

நீ அனுப்பின படமும் கேட்ட கேள்வியும் வந்து சேர்ந்தன. போனில் பதில் சொல்லலாம் என்றால் பாதிப் பேச்சில் உங்க அம்மா, என் அக்கா, போனை வாங்கிவிடுவாள். பிறகு பேச்சு தேங்காய் விலைக்கும் கல்யாணத்துக்கும் போய்விடும். அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்கு இந்தக் கடுதாசி.

"முந்நூறு கிலோமீட்டர் ராத்திரியும் பகலுமா மிதிச்சு, ஒரு அட்டையில சீல் வாங்கிட்டு வாறா. பரிசு உண்டான்னு கேட்டா கெடையாதுங்கா. பிறகு எதுக்குங்கேன்?" என்று அக்கா கேட்கிறாள், என்ன சொல்ல மாமா என்று எழுதியிருக்கிறாய்.

உடம்புக்கு நல்லது என்று சொல்லாதே. அதற்கு அரை மணி நேரம் போதுமே என்பாள், அதில் நியாயமும் இருக்கிறது. பெட்ரோல் மிச்சம் என்றும் சொல்லாதே. அந்த சைக்கிளுக்கு நீ கொடுத்த விலை அவளுக்குத் தெரியும். சுற்றுச்சூழல் என்று ஆரம்பித்தாயோ, எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

அவளுடைய சங்கடம் வேறே. அக்கா வளர்ந்த காலத்தில் சைக்கிள் என்றால் இல்லாதவன் வண்டி. முதலில் சைக்கிள், பிறகு டி.வி.எஸ். 50, பிறகு பைக், பிறகு கார் என்று நம்ம குடும்பம் ஏறி வந்த படிக்கட்டு அது. பேங்க் சம்பளம் வாங்குகிற பிள்ளை தானாக இறங்கி முதல் படியில் போய் நிற்கிறாளே, அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்ற வருத்தம். வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அதனால்தான் லாரி, நாய், இருட்டு என்று காரணங்களை மாற்றி மாற்றிச் சொல்கிறாள். அந்தக் காரணங்களும் பொய்யில்லை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உன் பக்கத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு, கோபப்படாதே. உன் சிநேகிதர்கள் பேசுவதைக் கேட்டால், சைக்கிளை ஆசைப்பட்டு மிதிக்கிற வழக்கமே இப்போதுதான் தொடங்கினது போலவும், அதற்கு முன்னால் மிதித்தவர்கள் எல்லாம் வேறு வழியில்லாமல் மிதித்தவர்கள் போலவும் தோன்றுகிறது. அக்கா நினைப்பதும் அதுவேதான். இரண்டு பேரும் ஒரே தப்பை இரண்டு பக்கத்திலிருந்து செய்கிறீர்கள். வயிற்றுப்பாட்டுக்கு மிதித்தவனுக்கு ஆசை இல்லை என்று யார் சொன்னது? கோயில் ரோட்டில் கடை போட்டு, பஞ்சர் ஒட்டி, கோட்டம் எடுத்து முடி நரைத்தவன் நான். என் அனுபவம் அப்படி இல்லை.

மீன்காரர்களை எடுத்துக்கொள். குளச்சலிலும் புதூரிலும் விடியக்காலம் கரைக்கு வருகிற மீனை உள்நாட்டுக்குக் கொண்டுபோனவர்கள் தலையில் சுமந்த பெண்களும் சைக்கிள்காரர்களும்தான். கேரியரில் பெட்டி, ஹேண்டில்பாரில் ரப்பர் ஹார்ன். மீன் கெடுவதற்குள் திங்கள்சந்தையைத் தாண்டித் தக்கலைப் பக்கம் போய்விட வேண்டும். பஸ்ஸில் போகிறவனுக்கு இந்த ரோடெல்லாம் சமதரை. மிதிக்கிறவனுக்குத்தான் தெரியும், கடலை விட்டு வடக்கே திரும்பினால் ஏற்றமும் இறக்கமுமாய் நிலம் எப்படி ஆளை வேலை வாங்குகிறதென்று. நாஞ்சில் வயல்வெளி வேறே, நம்ம கல்குளம், விளவங்கோடு மேட்டு நிலம் வேறே.

அந்த சைக்கிள்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. உப்புக்காற்று ஒரு மழைக்காலத்தில் செயினைத் தின்றுவிடும். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் இல்மனைட்டும் மோனசைட்டும் பிரித்தெடுக்கிறார்களே, அந்தக் கருமணல் காற்றில் பறந்து வந்து செயினில் ஒட்டினால் பல்சக்கரத்தை அராவிவிடும். மாதம் ஒருமுறையாவது பிரித்து, கப்பையும் கோனையும் மண்ணெண்ணெயில் கழுவி, பால்ரஸ் மாற்றி, புது கிரீஸ் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பகலில் என் கடைத் திண்ணையில் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பஞ்சருக்கு எட்டணா குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பேரம் பேசுகிற ஆள், ஹப்பில் மாட்டுகிற மஞ்சள் நூல் வளையத்துக்கு விலையே கேட்க மாட்டான். கைப்பிடிக்குக் குஞ்சம், மட்கார்டில் மாதா படமோ பகவதி படமோ, மணியில் பித்தளைப் பளபளப்பு. மீன் விற்கிறதற்கு மஞ்சள் வளையம் எதுக்கு, சொல்லு பார்ப்போம்? மீன் நாற்றம் பிடித்த அந்த வண்டியை அவர்கள் துடைக்கிற துடைப்பைப் பார்த்திருந்தால் உன் சிநேகிதர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

1982-ல் பகவதி கோயில் மாசிக் கொடைத் திருவிழா சமயத்தில் இங்கே நடந்த கலவரத்தை நீ படித்திருப்பாய். நாங்கள் பார்த்தோம். துப்பாக்கிச்சூடு, ஊரடங்கு, அண்டை வீட்டுக்காரன் முகத்தைப் பார்க்கப் பயம். குன்றக்குடி அடிகளார் வந்து ஊர் ஊராகச் சமாதானம் பேசினார். அந்த நாட்களில் முதலில் நின்றுபோனது மீன்காரர் சைக்கிள்தான். கண்ணாடி ஏற்றிவிட்ட ஜீப்புகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சைக்கிள்காரனுக்கு மறைப்பு ஏது? முகம் தெரிய, கை எட்டுகிற தூரத்தில், ஒவ்வொரு வீட்டு வாசலையும் கடந்துதான் அவன் போக வேண்டும். ஊர் மேல் நம்பிக்கை இல்லாதவன் சைக்கிளில் ஏற முடியாது. ஒருநாள் காலையில் எங்கள் தெருவில் மறுபடி அந்த ரப்பர் ஹார்ன் கேட்டபோது உங்க ஆச்சி வாசலுக்கு ஓடினாள். வீட்டில் அன்றைக்குப் புளிக்கறி வைத்து முடித்திருந்தும் சாளை வாங்கினாள்.

தாத்தாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது, வாழைக்குலை வியாபாரம் என்பது மட்டும்தான். மட்டி, பேயன், ரசகதலி, செந்துளுவன் என்று இரண்டு பக்கமும் குலைகளைக் கட்டித் தொங்கவிட்டு, திங்கள்சந்தைக்கு ஏற்றத்தில் தள்ளிக்கொண்டும் இறக்கத்தில் கால் தரையில் உரசிக்கொண்டும் போவார். பிரேக்கை நம்ப முடியாத பாரம். வாரம் முழுக்க அதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் என்ன செய்வார் தெரியுமா? குளித்து, சலவை வேட்டி உடுத்து, அதே சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்படுவார். ஏ.வி.எம். கால்வாய்க் கரை, மணவாளக்குறிச்சி, வள்ளியாறு கடலில் விழுகிற கடியப்பட்டினம், அப்புறம் முட்டம் கலங்கரை விளக்கு. அங்கே யாரையும் பார்க்கப் போகவில்லை. ஒன்றும் வாங்கி வரவும் இல்லை. இருட்டுகிறபோது டைனமோ விளக்கு தெருவில் திரும்பும். "எங்க போனிய?" என்று ஆச்சி கேட்டால், "சும்மா ஒண்ணு போயிட்டு வந்தேன்" என்பார். வாரம் முழுக்க முதுகை ஒடித்த அதே வண்டியில் ஏறி ஒரு மனுஷன் ஓய்வெடுக்கிறான் என்றால், அதற்குப் பெயர் ஆசை இல்லாமல் வேறென்ன? அக்காவுக்கு இது மறந்திருக்காது. அவளிடம் நீ சொல்ல வேண்டிய பதிலில் முக்கால்வாசி இதில் இருக்கிறது.

பெண்பிள்ளை என்பது மீதி கால்வாசி. அதற்கும் ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். 1991, 92-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். கல்குவாரியில் வேலை செய்கிறவர்கள், கிராமத்து நர்சுகள், கூலிக்குப் போகிறவர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் 1996-ல் வெளியிட்ட வறட்சிப் புத்தகத்தில் இதற்கு ஒரு கட்டுரை ஒதுக்கியிருக்கிறார். அதில் எனக்குப் பிடித்த தகவல், லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஆண்கள் ஓட்டுகிற வண்டியையே எடுத்துக்கொண்டார்கள் என்பது. சிலருக்கு அதுதான் வேண்டியும் இருந்தது. பார் இருந்தால் பிள்ளையை முன்னால் உட்கார வைக்கலாமே. கடைக்காரன் புத்திக்கு இதெல்லாம் உடனே பிடிபடும்! தண்ணீர் எடுக்க, விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோக என்று பிரயோஜனம் நிறைய இருந்தது, சரிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பழக வருகிறபோது இருப்பதில் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு வந்தார்களாம். குடத்தை ஏற்றுவதற்கு நல்ல சேலை எதற்கு?

பிறகு 2001-லிருந்து அரசாங்கமே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்பிள்ளைகளுக்கு, சில வருஷத்தில் மற்றவர்களுக்கும். என் கடைக்கு வேலை கொடுத்தது அந்த வண்டிகள்தான். ஸ்போக்ஸ் ஒரே மாதத்தில் தளரும். மறு வருஷம் பாதி சைக்கிள் மாட்டுத் தொழுவத்தில் கிடக்கும் என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. கிடக்கட்டுமே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகும் அதையே துடைத்துக் கொண்டுவந்து, "அண்ணே, கோட்டம் எடுத்துக் குடுங்க" என்று நின்ற பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

இனி உன் பாரிஸ் கதைக்கு வருகிறேன். பாரிசிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்புகிற 1200 கிலோமீட்டர், 1891-ல் தொடங்கினது, முதல் தடவை ஜெயித்த ஷார்ல் தெரோன் 71 மணி 22 நிமிஷம் தூங்காமலே மிதித்தான் என்று போன தடவை வந்தபோது சொன்னாய். அதைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது நம்ம ஊர் சைக்கிள் யக்ஞம். நீ பார்த்திருக்க வழியில்லை. சந்தைத் திடலில் வட்டமாகக் கயிறு கட்டி, நடுவில் ஒரு கம்பம் நட்டு, குழாய் ரேடியோ வைப்பார்கள். ஒரு ஆள் ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் அந்த வட்டத்தையே சுற்றிக்கொண்டிருப்பான். குளியல் அதன் மேலேயே, சாப்பாடும் அதன் மேலேயே. ஓடுகிற வண்டியில் சட்டை மாற்றுவான், தரையில் கிடக்கிற ரூபாயை வாயால் கவ்வுவான். சாயந்திரம் கூட்டம் சேர்ந்ததும் மார்பில் டியூப்லைட் உடைப்பது, ஆளைக் குழியில் போட்டு மூடுவது என்று வேறு வித்தைகளும் நடக்கும். அவை எனக்குப் பிடிக்காது. நான் போய் நின்றது நடுராத்திரியில். பார்க்க ஆளில்லை, ரேடியோ இல்லை, ஒரே ஒரு பல்பு. அவன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தான். கை இரண்டும் தொடையில், இடுப்பை லேசாகச் சாய்த்தே வண்டியைத் திருப்பினான். காசு போட ஒருத்தரும் இல்லாத நேரத்தில் அப்படி அழகாக ஓட்ட அவனுக்கு என்ன அவசியம் என்று அன்றைக்கு யோசித்தேன். தெரோன் பேரைப் புத்தகத்தில் போட்டார்கள், இவன் பேர் நோட்டீசோடு கிழிந்து போயிற்று. தொழில் ஒன்றுதான்.

நீங்கள் அட்டையில் சீல் வாங்குகிற அந்தப் பிரவே சவாரியில் எனக்குப் பிடித்தது அதன் சட்டம். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. அதற்குள் முடித்தால் போதும். முதலில் வந்தவனுக்கும் கடைசி நிமிஷத்தில் வந்தவனுக்கும் ஒரே மதிப்பு. ரொம்ப வேகமாகப் போய்விட்டால் சீல் போடுகிற இடம் திறந்திருக்காது என்று நீ சொன்னபோது சிரித்துவிட்டேன். நல்ல சட்டம் அது! வழியில் பஞ்சர் ஆனால் நீயேதான் ஒட்ட வேண்டும், பின்னால் கார் வரக் கூடாது. ஆனால் டீக்கடையில் உட்காரலாம், யாரிடமும் தண்ணீர் கேட்கலாம். தாத்தாவுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் பிடிக்காதது ஒன்று, அந்த ஹேண்டில்பாரில் ஒட்டியிருக்கிற பெட்டி. இதயத் துடிப்பு, சராசரி வேகம், ஏறின உயரம் என்று அது பேசிக்கொண்டே இருக்கிறது. போன மாசியில் உன்னோடு வந்த பையன் குளச்சலில் 1741-ல் டச்சுக்காரனைத் தோற்கடித்த நினைவுத் தூண் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்தப் பெட்டியைத்தான் படம் எடுத்தான்.

மேற்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பை கட்டிய சைக்கிள்காரர்கள் இப்போது நிறையப் பேர் போகிறார்கள். கோவாவிலிருந்தோ கொச்சியிலிருந்தோ கடலோரமாகவே இறங்கி வந்து, கன்னியாகுமரியில் முடிப்பவர்கள். காஷ்மீரிலிருந்து வருபவர்கள் பெருஞ்சாலையிலேயே சுமார் 3,700 கிலோமீட்டர் வந்து அங்கே சேர்கிறார்கள். அவர்கள் நம்ம பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. என் கடையில் நிற்கிறவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: வழியில் என்ன வாடை அடித்தது? அதிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். நம்ம பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாலும் எங்கே இருக்கிறோம் என்று சொல்லலாம். கருவாட்டு வாடை அடித்தால் கடலோரம். தேங்காய்த் தொண்டு அழுகுகிற வாடை என்றால் கயிறு திரிக்கிற காயலோரம். அதற்கும் மேலே குலசேகரம் பக்கம் போனால் காய்கிற ரப்பர் ஷீட். வண்டியின் வேகம் கொஞ்சம் கூடினால் இந்த மூன்றும் கலந்து ஒன்றுமில்லாமல் போய்விடும்.

சரி, நீ கிளம்ப நினைக்கிற பயணம். மாசிக் கொடைக்கு மதுரையிலிருந்து சைக்கிளில் வருகிறேன் என்கிறாய். வா. காலம் நல்ல காலம்தான். ஆனி, ஆடியில் மட்டும் அந்த எண்ணம் வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மேற்கிலிருந்து வருகிறது, நீ வடகிழக்கிலிருந்து வருகிறாய். முகத்துக்கு நேராக அடிக்கும். முகத்தில் மோதுகிற காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். முப்பந்தலில் காற்றாடிகளை அத்தனை நெருக்கமாக நட்டு வைத்திருப்பது அழகுக்கில்லை. மாசியில் அவ்வளவு இராது. வெயில்தான் சத்துரு. சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வரைக்கும் நாலுவழிச் சாலையில் நிழல் கிடையாது. விடியற்காலம் கிளம்பி முதல்நாள் திருநெல்வேலியோடு நிறுத்து, ராத்திரி தங்கு. மறுநாள் இருட்டுப் பிரிவதற்கு முன் புறப்பட்டால் நாங்குநேரி வெயிலுக்கு முன்னால் தாண்டிவிடலாம். வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி, தோவாளை. நாகர்கோவிலிலிருந்து அம்மாண்டிவிளை வழியாக வந்து மணவாளக்குறிச்சியில் கடற்கரை ரோட்டைப் பிடி.

லாரிக்கு அக்கா பயப்படுவது நியாயம். கேரளாவுக்குக் கல்லும் மண்ணும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகள் நம்ம மாவட்டத்து ரோட்டில் ஓடுகிற ஓட்டத்தில் பைக்குக்காரனே ஒதுங்குகிறான். ரோடும் குறுகல், ஓரம் உடைந்து கிடக்கும். பின் விளக்கு பகலிலும் எரியட்டும், பளிச்சென்ற சட்டை போடு, ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் இருட்டில் மிதிக்காதே. இதில் வீரம் பேசினால் நானும் அக்கா பக்கம்தான்.

கொடை நாட்களில், அதிலும் ஒடுக்கு பூஜை அன்றைக்கு, கோயிலுக்கு ஒரு மைல் முன்னாலேயே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். பொங்கலிட வருகிற பெண்கள் கூட்டத்தில் கார் என்ன, ஆட்டோகூட நகராது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மட்டும் வீட்டு வாசல் வரை வரலாம். அதனால் நான் ஒரு யோசனை சொல்கிறேன். அக்காவை இரண்டு நாள் முன்னாடியே நாகர்கோவிலுக்கு ரயில் ஏற்றி அனுப்பு. நேர்ச்சைக்கு மண்டையப்பம் அவிக்கட்டும், ஆச்சி இருந்த வீட்டில் உட்காரட்டும், ஞாயிற்றுக்கிழமை சவாரியைப் பற்றி நானே அவளிடம் பேச்செடுக்கிறேன். நீ திருநெல்வேலியில் தங்குகிற இடத்திலிருந்து ராத்திரியும், காவல்கிணறு தாண்டினதும் காலையிலும் ஒரு போன் அவளுக்குப் பண்ணு. எனக்கு வேண்டாம், அவளுக்கு.

ஒன்றே ஒன்று. அவளிடம் சொல்லாமல் கிளம்பி, வந்து சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே. கொடைக்கு இன்னும் நாள் இருக்கிறது, இன்றைக்கே பேச்சை எடு. வருகிறபோது மதுரையில் நல்ல பஞ்சர் சொல்யூஷன் கிடைத்தால் இரண்டு டப்பா வாங்கி வா. இங்கே வருவது சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.

அன்புடன்,
மாமா